சப்பாத்துப் போட்ட நேர்த்திக்காரி

எங்கட தலைமன்னார் பக்கத்தில ஒரு மனுசி சும்மா நடக்க ஏலாது. நம்பாட்டி வந்து நடந்து பாருங்கோ. கையில பையில்லாமல், தலையில பெட்டியில்லாமல் ரோட்டில கொஞ்சத் தூரம் போக முதல் ஒரு மோட்டச்சைக்கிள் வந்து பக்கத்தில நிக்கும். "அக்கா, எங்க போறியள்? ஏறுங்கோ, விட்டிட்டுப் போறன்." எங்கயும் போகேல்லைத் தம்பி எண்டு சொன்னால் முகத்தைப் பாப்பினம். ஒண்டில் வீட்டில சண்டை, இல்லாட்டி வீட்டில ஆருக்கோ வருத்தம். மூண்டாவது காரணம் ஒண்டு இருக்கலாம் எண்டு ஒருத்தருக்கும் தோன்றாது. எங்கட தீவில வேலை வெட்டியில்லாமல் ரோட்டால நடக்கிற சீவன் கழுதை மட்டும்தான். அதைக்கூட ஒருத்தரும் மறிச்சு எங்க போறாய் எண்டு கேக்கிறேல்லை.

நான் நடக்க வெளிக்கிட்டது ஆசையில இல்லை, பயத்தில. ஒருநாள் பின்னேரம் முற்றத்தில நண்டு துப்பரவாக்கிப்போட்டு குசினிக்குள்ள வந்து அடுப்படியில நிண்டனான். என்ர மனுசன் கடலால வந்து வாசலில நிண்டபடி, "என்னப்பா இது, நிலமெல்லாம் ரத்தம்?" எண்டார். திரும்பிப் பாத்தால் பின்கதவில இருந்து அடுப்புவரைக்கும் ஒரு காலின்ர அடி மட்டும் சிவப்பாப் பதிஞ்சு கிடக்குது. நண்டு ஓடு ஒண்டு இடது உள்ளங்காலுக்குள்ள ஏறி நிக்குது. அதோடதான் நான் அவ்வளவு நேரமும் தேங்காய் துருவி, உலை வைச்சு, அங்கையும் இஞ்சையும் திரிஞ்சிருக்கிறன். அவர் நிலத்தில குந்தி அதை இழுத்தெடுத்தார். "நோகேல்லையே?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். ரத்தத்தைத் துடைச்ச பிறகும் அந்த மனுசன் என்ர காலை விடேல்லை. பிடிச்சபடி அப்பிடியே இருந்தார்.

ஏன் விடேல்லை எண்டு எனக்கு விளங்கிச்சு. வேலிக்கு அங்கால அவரின்ர தங்கச்சி ஒரு கால் இல்லாமல் இருக்கிறா.

அவ எனக்கு மச்சாள். அதுக்கு முதல் சிநேகிதி. ஒரே வாங்கில இருந்து படிச்சு, ஒரே நாளில மாதா கோயிலில புதுநன்மை எடுத்தனாங்கள். அவவின்ர அண்ணனைக் கட்டி மச்சாள் எண்டு கூப்பிடத் தொடங்கினது பிறகுதான். அவவுக்கும் எனக்கும் உள்ளது ஒரே சீனி வருத்தம். அவவுக்குக் கொஞ்சம் முந்தி வந்திட்டுது, அவ்வளவுதான். கரையில கருவாடு காயப்போட்ட இடத்தில சிப்பி ஒண்டு காலை வெட்டினது அவவுக்குத் தெரியேல்லை. தெரிஞ்ச பிறகும் சின்னக் காயம்தானே எண்டு மஞ்சளைப் பூசிக்கொண்டு இருந்தா. கடைசியில பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டாங்கள். அண்டையில இருந்து ரோட்டுவாசல் படலையடி வேப்பமரத்துக்குக் கீழ சில்லுக்கதிரையிலதான் அவவின்ர இருப்பு. காலைத்தான் எடுத்தவங்கள், வாயை எடுக்கேல்லை. ரோட்டால போற ஒருத்தரும் அவவிட்டத் தப்பேலாது.

காயத்தைக் காட்டக் கிளினிக்குக்குப் போனன். இருந்தது ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை. தூண்டில் தங்கூசி நரம்பு மாதிரி ஒண்டைக் கையில எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடுங்கோ அம்மா. காலில தொடுறது தெரியிற நேரம் சொல்லுங்கோ" எண்டா. மூடிக்கொண்டு இருந்தன், இருந்தன். கடைசியில பொறுமை கெட்டு, "எப்ப தங்கச்சி தொடங்கப் போறியள்?" எண்டு கேட்டன்.

"இடது கால் முடிஞ்சுது அம்மா" எண்டா அந்தப் பிள்ளை.

பிறகு வலது காலில தொட, அங்க இங்க தெரிஞ்சது. இடது காலில ஒண்டும் இல்லை. குளிசை மட்டும் காணாது அம்மா, ரத்தத்தில சீனியை இறக்கோணும், காயம் மாறினவுடன நாள் தவறாமல் நடக்கோணும் எண்டா. வெறுங்காலோட வீட்டுக்குள்ளயும் நடக்கக்கூடாது. நடந்து வந்தால் உள்ளங்காலைப் பாக்கோணும், ஒருநாளும் விடாமல். பாக்காட்டி என்ன நடக்கும் எண்டு அவ சொல்லேல்லை. அதை நான் வேலிக்கு மேலால தினமும் பாக்கிறன்தானே.

காயம் மாறினது. மகள் கம்பசுக்குப் படிக்கப் போகேக்க விட்டிட்டுப்போன விளையாட்டுச் சப்பாத்துச் சோடி ஒண்டு அலுமாரிக்குக் கீழ கிடந்தது. அதைச் சட்டைக்குக் கீழ காலில போட்டுக்கொண்டு விடிய வெளிக்கிட்டன். கண்ணாடியில என்னைப் பாக்க எனக்கே சிரிப்பு. முதல்நாள் பெறாமகன் முறையான பெடியன் ஒருத்தன் மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்து வீட்டில விட்டிட்டுப் போனான். அடுத்தநாள் ஓட்டோக்காரர் ஒராள், "என்னக்கா, அண்ணையோட கோவமே?" எண்டு கேட்டு, பதில் சொல்ல முதல் ஏத்திப்போட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சந்தோசம்தான். சோளகக் காத்து மணலை வாரி முகத்தில அடிக்கிற காலம். ஆர் நடப்பான்?

மச்சாள் படலையில இருந்து எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருந்தா. ஓட்டோவால நான் இறங்க, ஊருக்கே கேக்கிற மாதிரி, "நடந்து சரியாக் களைச்சுப்போனாய் போல, வா, ஒரு தேத்தண்ணி குடி" எண்டா.

"வாயைப் பொத்தடி" எண்டன்.

"பொத்துறன். பிறகு நீயும் ஒரு கதிரை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில போடு. ரெண்டு பேருமா இருந்து ரோட்டைப் பாப்பம்."

எனக்கு ஏறின கோவம் சொல்லி மாளாது. அடுத்தநாள் ஆர் வந்து மறிச்சாலும் ஏறேல்லை. "ஏற மாட்டன், போ தம்பி" எண்டு சொல்லிச் சொல்லி, ரோட்டு முடிஞ்சு கடற்கரை தொடங்கிற இடத்தில இருக்கிற, கல்லால குகை மாதிரிக் கட்டின மாதா கெபிவரைக்கும் போனன். அங்க நிண்டு சிலுவை போட்டிட்டுத் திரும்பி வந்தன். அதுக்கடுத்த நாளும் அப்பிடித்தான். அந்தக் கிழமை முழுக்க அப்பிடித்தான்.

அதிலதான் வினை பிடிச்சது. எங்கட ஆக்கள் லிப்ட் குடுத்தும் ஏற மாட்டன் எண்டு சொல்லுற சனம் ஒரே ஒரு சனம்தான்: மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைச்சு நடந்து போற சனம். வெய்யிலில செத்துப்போனாலும் வாகனத்தில ஏறாயினம். அப்ப நான் ஏறேல்லை, தினமும் ஒரே நேரம், போறதோ மாதா கெபிக்கு. வேற என்ன வேணும்? நான் நேர்த்தி வைச்சு நடக்கிறன் எண்டு ஊர் முடிவு கட்டிப்போட்டுது.

"சப்பாத்தோட ஆர் நேர்த்திக்கு நடக்கிறது?" எண்டு ஒருத்தி கேட்டிருக்கிறா. "பங்குச் சுவாமியிட்ட உத்தரவு எடுத்திருப்பா" எண்டு மற்றவ சொல்லியிருக்கிறா. என்ன நேர்த்தி எண்டதில மட்டும் ஒற்றுமை இல்லை. சிலர் மகளின்ர கலியாணம் எண்டினம். சிலர் மனுசன் குடியை விடவேணும் எண்டு நடக்கிறன் எண்டினம். அதைக் கேட்டு என்ர மனுசன் கொதிச்சுப்போனார். "நான் எப்பயப்பா குடிச்சனான்? நீ நட, ஆனால் எனக்கு இப்பிடிப் பேர் வாங்கித் தராத" எண்டு சொல்லிச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை.

மீன் விக்கிற தங்கச்சி ஒருத்திதான் முதல் தொடங்கினது. சைக்கிளை நிப்பாட்டி மெழுகுதிரி ஒண்டை நீட்டினா. "அக்கா, எனக்காகவும் ஒண்டைக் கொளுத்திவிடுங்கோ. மகள் பள்ளிக்கூடச் சோதினை எடுக்கிறாள்."

"ஐயோ தங்கச்சி, இது நேர்த்தி இல்லை. எனக்குச் சீனி. டொக்டர் நடக்கச் சொன்னவ."

அவ கண்ணைச் சிமிட்டினா. "ஓமோம் அக்கா. நேர்த்தியை வெளியில சொல்லக்கூடாதுதானே."

இல்லை எண்டு எவ்வளவுக்குச் சொன்னனோ அவ்வளவுக்கு அது உறுதியாப் போச்சு. பிறகு ஒவ்வொருத்தராத் தொடங்கிட்டினம். வள்ளத்தின்ர இஞ்சின் பழுதான ஆள், பிள்ளை இல்லாத பொம்பிளை, தாயின்ர கண் ஒப்பரேசனுக்கு நாள் கிடைக்காத ஓட்டோக்காரர். சட்டைப் பொக்கெற் நிறைய மெழுகுதிரியோட நான் காத்துக்குள்ள போறன். தூரத்தில கரண்ட் எடுக்கிற காத்தாடிக் கோபுரங்கள் சுத்திக்கொண்டு நிக்கும். நானும் அதுகளும் மட்டும்தான் அந்த நேரம் வேலை செய்யிற மாதிரி இருக்கும்.

மனம் கேக்காமல் பங்குச் சுவாமியிட்டப் போய்ச் சொன்னன். ஊரை ஏமாத்துற மாதிரி இருக்குது சுவாமி எண்டன். அவர் வாய்விட்டுச் சிரிச்சார். "குடுத்த மெழுகுதிரியைக் கொளுத்துறியள்தானே?" எண்டார். ஓம் எண்டன். "அவைக்காகச் செபிக்கிறியள்தானே?" ஓம். "பிறகென்ன பொய்? நடவுங்கோ. சப்பாத்துக்கும் உத்தரவு தந்திட்டன் எண்டு சொல்லுங்கோ."

இந்தக் கூட்டத்துக்குள்ள மச்சாளும் சேந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஒருநாள் விடிய நான் வெளிக்கிட, தன்ர படலையடியில கதிரையில இருந்தபடி கையில மெழுகுதிரியோட பாத்துக்கொண்டு இருக்கிறா.

"எடி நேர்த்திக்காரி, இதையும் கொண்டு போ."

"உனக்கென்ன விசரே? உனக்குத் தெரியும்தானே நான் ஏன் நடக்கிறன் எண்டு."

"எனக்கும் தெரியும், மாதாவுக்கும் தெரியும். நீ கொண்டுபோய்க் கொளுத்து."

"ஆருக்கு?"

"அதை வெளியில சொல்லக்கூடாது" எண்டிட்டு, மீன்காரி மாதிரியே கண்ணைச் சிமிட்டினா. பெரிய பகிடிக்காரி.

எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவவின்ர ஒரே மகன் வெளிநாட்டில. போய்க் கன வருசம், இன்னும் அங்க தங்கிறதுக்குப் பேப்பர் குடுக்கேல்லை. கேஸை ஒருக்கால் தள்ளியும் போட்டாங்கள். தாய்க்குக் கால் எடுத்த நேரம் வர ஏலாமல் அவன் போனில குழறி அழுததை நான் பக்கத்தில நிண்டு கேட்டனான். அவனுக்காகத்தான் எண்டு நினைச்சு நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவன். எல்லாற்ற மெழுகுதிரியையும் கொளுத்தி முடிச்சுக் கடைசியா மச்சாளின்ரதை வைப்பன். "தாயே, மச்சாள் என்ன கேக்கிறாவோ அதை அவவுக்குக் குடும்" எண்டு மட்டும் சொல்லுவன்.

திரும்பி வந்தால் நேரா அவவின்ர படலையடிக்குத்தான். வேப்பமரத்துக்குக் கீழ ஒரு வாங்கு கிடக்கும். அதில இருந்து சப்பாத்தைக் கழட்டி, இடது காலைத் தூக்கி அவவின்ர மடியில வைக்கோணும். அது அவவின்ர சட்டம். தன்ர உள்ளங்காலை ஒராள் தானே வடிவாப் பாக்க ஏலாது, மற்றாள் பாக்கோணும் எண்டுவா. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலிடுக்கு ஒவ்வொண்டையும் விரிச்சு விரிச்சுப் பாப்பா. அவவுக்கு முழங்காலோட முடியிற அந்தப் பக்கத்திலதான் என்ர கால் கிடக்கும். முதல்நாள் எனக்கு அப்பிடி வைக்க மனமே வரேல்லை. "வையடி, அந்தப் பக்கம்தான் இடம் காலியா இருக்குது" எண்டா. எனக்குக் கண் நிரம்பிட்டுது. அவ பாக்காத மாதிரிக் காலைப் பாத்துக்கொண்டு இருந்தா.

பாத்து முடிய நகத்தால அங்க இங்க அழுத்துவா. "தெரியுதோ?"

"இல்லை."

"இதில?"

"இல்லை."

"சரி, நாளைக்குப் பாப்பம்" எண்டு சொல்லிச் சப்பாத்துக்குள்ள இருக்கிற மணலைத் தட்டித் தருவா. அவ அதைச் சொல்லுற விதத்தில நாளைக்கு எனக்கு வேற வழியே இராது.

எனக்காக மட்டும் எண்டால் நான் நடந்திருப்பனோ? சத்தியமா இல்லை. நான் சரியான பஞ்சிக்காரி. எத்தினை விடியக்காலம் போர்வைக்குள்ள கிடந்து, இண்டைக்கு முதுகு நோகுது, இண்டைக்குத் தலை பாரம் எண்டு எனக்கே நான் சாட்டுச் சொல்லியிருக்கிறன். சாட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பிறகு படலையடியில அவ மெழுகுதிரியோட காத்துக்கொண்டு இருப்பா எண்ட நினைப்பு வரும். தன்ர பிள்ளைக்காக ஒரு தாய் தாற மெழுகுதிரியை எப்பிடி வேண்டாம் எண்டிறது? வாய்க்குள்ள அவவைத் திட்டித் திட்டியே சப்பாத்தைக் கொழுவுவன்.

மாரி தொடங்கிற நேரம் மகனுக்குப் பேப்பர் கிடைச்சிட்டுது. விடியப் போன் வந்தது. மச்சாள் போட்ட சத்தத்தில நான் சட்டியை அடுப்பில விட்டிட்டு ஓடினன். போனுக்குள்ள அவனும் அழுறான், இஞ்ச இவவும் அழுறா, நடுவில நான் போனைப் பிடிச்சபடி நிண்டு அழுறன். அண்டைக்கு ஒழுங்கை முழுக்க றோல்சும் கேக்கும் போச்சுது. சீனி வருத்தத்தை மறந்து நானும் ஒண்டுக்கு ரெண்டாத் திண்டன். "பாத்தியோ, என்ர கால் கொண்டுவந்த விசா" எண்டு மச்சாளுக்குப் பகிடி விட்டன். அவ சிரிச்சுக்கொண்டு என்ர காலைக் குனிஞ்சு பாத்தா.

அதோட மழையும் பிடிச்சிட்டுது. அடுத்தநாள் விடிய எழும்பேல்லை. கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு, கிடைச்சாச்சு, இனி ஆருக்காக இந்த மழைக்குள்ள போறது எண்டு நினைச்சன். மற்றவையின்ர மெழுகுதிரி மழை விட்ட பிறகும் கொளுத்தலாம்தானே. அடுத்தநாளும் கிடந்தன், அதுக்கடுத்த நாளும் கிடந்தன். என்ர மனுசன் சப்பாத்தில ஒட்டியிருந்த மணலைத் துடைச்சு வாசலடியில கொண்டுவந்து வைச்சார். நான் அதைக் காணாத மாதிரி இருந்தன்.

பிறகொரு நாள் விடிய எங்கட படலையடியில தகரத்தில தட்டிற சத்தம். எழும்பிப் போய்ப் பாத்தால், தூறலுக்குள்ள மச்சாள். ஈர மணலுக்குள்ள கதிரைச் சில்லு பாதி புதைஞ்சு நிக்குது. தனிய உருட்டிக்கொண்டு வந்திருக்கிறா. தலையில ஒரு துவாய். மடியில சொப்பின் பைக்குள்ள சுத்தின மெழுகுதிரி.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உனக்கு மண்டை பழுதே? தடிமன் பிடிச்சால் ஆர் பாக்கிறது? இந்த மணலுக்குள்ள கதிரை பிரண்டிருந்தால் என்ன செய்வாய்?"

"நீ வரேல்லை, நான் வந்தனான். இந்தா" எண்டு பையை நீட்டினா.

"அவனுக்குத்தான் கிடைச்சிட்டுதே! இன்னும் ஆருக்கடி மெழுகுதிரி?"

அவ துவாயை விலக்கி என்னைப் பாத்தா. "அவனுக்கெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

நான் பையை வாங்கினன்.

"என்ர பிள்ளைக்கு நான் கட்டிலில இருந்தே செபமாலை சொல்லுறன். அது மாதாவுக்குக் கேக்கும், அதுக்கு ஒருத்தரும் மழைக்குள்ள போகத் தேவையில்லை. இது உன்ர காலுக்கடி, விசரி. முதல்நாளில இருந்து இது உன்ர காலுக்குத்தான். நான் கேக்கிறன். ஆனால் நடக்கிறதை நீதானே நடக்கோணும்?"

மழைத்தண்ணி அவவின்ர முகத்தால வழிஞ்சு கொண்டிருந்தது. அவ துடைக்கேல்லை. "எனக்கு ஒருத்தரும் இப்பிடி வந்து படலையில தட்டேல்லை" எண்டா. பிறகு, "கதிரையைத் தள்ளி வீட்டில விட்டிட்டுப் போ, சில்லு புதைஞ்சு போச்சு" எண்டா.

தள்ளிக்கொண்டு போய் விட்டன். சப்பாத்தைக் கொழுவினன். மழைக்குள்ள நடந்தன். கொஞ்சத் தூரம் போகத்தான் எனக்கு அது உறைச்சது: மச்சாள் கேக்கிறதை அவவுக்குக் குடும் எண்டு நான் இவ்வளவு நாளும் மாதாவிட்ட மண்டாடினது என்ர காலுக்காகத்தான். ரோட்டில ஒருத்தரும் இல்லை. ஒரு கழுதை மட்டும் மதிலோட ஒதுங்கி நிண்டு பாத்தது. அதுக்கு முன்னால நான் வாய்விட்டு அழுதுகொண்டு போனன். கெபியடியில காத்துக்கு நெருப்புப் பிடிக்கவே இல்லை. சட்டையால மறைச்சு ஒருமாதிரிக் கொளுத்தினன். அண்டைக்கு மச்சாளின்ர மெழுகுதிரிக்கு என்ன சொல்லிச் செபிக்கிறது எண்டு தெரியாமல், பழையதையே திரும்பச் சொல்லிப்போட்டு வந்தன்.

அதுக்குப் பிறகு நான் விடேல்லை. கிளினிக்கில சீனி இறங்கியிருக்குது எண்டு சொல்லிச்சினம். டொக்டர்ப் பிள்ளை அந்தத் தங்கூசி நரம்பை எடுத்துத் தொட்டுப் பாத்தா. இடது காலில பழைய கதைதான். "இதுக்கு மேல போகாமல் பாத்தாலே பெரிய விசயம் அம்மா" எண்டா. நான் வந்து அதை மச்சாளிட்டச் சொன்னன். "அந்தப் பிள்ளைக்கு அவசரம். நாளைக்குப் பாப்பம்" எண்டா இவ.

வாடைக்காத்து வீசிற ஒரு விடிய, நடந்து வந்து வழக்கம் மாதிரிக் காலை அவவின்ர மடியில போட்டன். அவ அப்பதான் வாளித் தண்ணியில கையைக் கழுவியிருந்தா. விரலிடுக்கெல்லாம் பாத்தா. நான் மரத்தைப் பாத்துக்கொண்டு, மத்தியானக் கறிக்கு என்ன எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன். அவ "தெரியுதோ?" எண்டு இன்னும் கேக்கேல்லை. பெருவிரலுக்குக் கீழ மெல்லமா ஏதோ ஒண்டு.

"கையைத் துடையடி, குளிருது" எண்டன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னன் எண்டு எனக்கே விளங்கிச்சு. அவவின்ர கை அப்பிடியே நிண்டிட்டுது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை. அவ என்ர காலை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தா. குளிர் போய்ச் சூடு வாறதும் எனக்குத் தெரிஞ்சது, அந்தக் கொஞ்ச இடத்தில மட்டும்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சப்பாத்தை எடுத்து மணலைத் தட்டினா.

"நாளைக்கு ரெண்டு மெழுகுதிரி கொண்டு போ" எண்டா. "ஒண்டு நன்றிக்கு. மற்றது மிச்சக் காலுக்கு."